இயற்கணிதக் கோவையைப் பிரிக்கும்போது நேரும் பிழைகள்: தவறான விடையிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

கோவையின் உறுப்புகளையும் கெழுக்களையும் எழுதச் சொல்லும் வினாவில் மாணவர் தவறிவிட்டால், வரையறையை மறுபடியும் ஒப்பிக்கச் சொல்வதில் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. உறுப்பு, கெழு, மாறி, மாறிலி ஆகிய நான்கின் வரையறைகளையும் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளையே அடுத்த நிமிடம் 7xy என்பதை மூன்று உறுப்புகள் என்று எழுதிவைப்பது ஏழாம் வகுப்பில் அன்றாடம் காணும் காட்சி. அந்தத் தவறான விடையை ஊன்றிப் பார்த்தால் பிழை எந்த இடத்தில் தொடங்கியது என்பது அதிலேயே தெரிந்துவிடும் என்பதால், நோட்டில் எத்தகைய விடை காணப்படுகிறதோ அதையே இங்கே தலைப்பாக வைத்து, அதன் காரணத்தையும் திருத்தும் வழியையும் கீழே தந்திருக்கிறேன்.

பெரும்பாலான இடங்களில் ஒரே கோவையை எடுத்துக்கொள்வோம்:

4x² − 7xy + y − 9

இதன் உறுப்புகள் 4x², −7xy, y, −9 என்னும் நான்கு. மாறிகள் x, y. முதல் மூன்று உறுப்புகளின் எண் கெழுக்கள் முறையே 4, −7, 1. மாறிலி உறுப்பு −9. மாணவரின் விடை இதிலிருந்து எங்கே விலகுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, உரிய தலைப்புக்கு நேரே சென்றுவிடலாம்.

விடையில் உறுப்புகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது

"4, x², −7, x, y, y, −9, ஆக ஏழு உறுப்புகள்" என்று எழுதப்பட்டிருந்தால், உறுப்புக்கும் காரணிக்கும் உள்ள வேறுபாடு மாணவர் மனத்தில் இன்னும் பதியவில்லை என்று கொள்ளலாம். ஆனால் அந்த வேறுபாட்டைச் சொற்களால் விளக்கத் தொடங்குவதற்கு முன், "x-இன் மதிப்பு 5 என்றால் 3x எவ்வளவு?" என்ற கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். விடை 35 என்று வந்தால் கோளாறு இன்னும் ஆழத்தில் இருக்கிறது: எண்ணும் எழுத்தும் ஒட்டி நிற்கும்போது அவற்றுக்கிடையே ஒரு பெருக்கல் குறி மறைந்திருக்கிறது என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமன்று. ஆறு ஆண்டுகளாக அவர் கற்ற கணக்கில், இரண்டு எழுத்துருக்கள் ஒட்டி நின்றால் அதற்குப் பெருக்கல் என்ற பொருளே இருந்ததில்லை. 35 என்று எழுதினால் அது இடமதிப்பின்படி முப்பதும் ஐந்தும். 2½ என்று எழுதினால் அது இரண்டையும் அரையையும் கூட்டியது. 3x என்று எழுதினால் மட்டும் அது மூன்றை x-ஆல் பெருக்கியது. ஒட்டி எழுதுவதற்கு மூன்று இடத்தில் மூன்று பொருள் இருப்பதை நாம் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிள்ளை தானே ஊகித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம்.

திருத்தும் வழி இது. மறைந்திருக்கும் பெருக்கல்களையெல்லாம் புள்ளியிட்டு வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்: 4·x·x − 7·x·y + y − 9. பிறகு பென்சிலால், ஒவ்வொரு கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் முன்னால் ஒரு செங்குத்துக் கோடு போடச் சொல்லுங்கள். கோடு குறிக்குப் பின்னால் விழக்கூடாது, முன்னால்தான் விழ வேண்டும். இதன் காரணம் அடுத்த தலைப்பில் வருகிறது. கோடுகளுக்கிடையே அகப்பட்டது ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. ஓர் உறுப்புக்குள்ளே புள்ளியால் இணைந்திருப்பவை காரணிகள். −7xy என்ற உறுப்பு ஒன்றுதான். அதனுள் −7, x, y என்பவை காரணிகள்.

விடை சரியா என்று சோதிக்க, உறுப்புகளைக் காற்புள்ளியிட்டு எழுதியபின், காற்புள்ளிகள் இருக்கும் இடத்திலெல்லாம் கூட்டல் குறியை இட்டுப் பார்க்க வேண்டும். முதலில் தந்த கோவை மீண்டும் கிடைக்க வேண்டும். x = 3, y = 5 என்று பிரதியிட்டால் நம் கோவையின் மதிப்பு 36 − 105 + 5 − 9 = −73. ஏழு "உறுப்புகளை"யும் கூட்டினால் 4 + 9 − 7 + 3 + 5 + 5 − 9 = 10 வருகிறது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டுவது, அரை மணி நேர விளக்கத்தைவிடப் பயன் தரும்.

இதே அறிகுறிக்குக் கணக்கோடு தொடர்பில்லாத ஒரு காரணமும் உண்டு, அது கையெழுத்து. x என்ற எழுத்தை இரண்டு நேர்க்கோடுகளாகக் குறுக்கே போட்டு எழுதும் பிள்ளைக்குத் தன் எழுத்தே சில வரிகள் கழித்துப் பெருக்கல் குறியாகத் தோன்றும். லைப்னிட்ஸ் 1698-இல் யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்திலேயே, × என்ற குறி x என்ற எழுத்தோடு எளிதில் குழம்பிவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டு, தாம் புள்ளியையே விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே இயற்கணிதம் தொடங்கிய நாள் முதல் × குறியை நிறுத்திவிட்டு, x-ஐ வளைவுகளோடு எழுதப் பழக்குவது நல்லது. b-யும் 6-உம், z-உம் 2-உம் கூட இப்படிக் குழம்பக்கூடியவை.

உறுப்புகள் நான்குதான், ஆனால் கழித்தல் குறிகளைக் காணவில்லை

"4x², 7xy, y, 9" என்பது நான் அறிந்தவரை மிக அதிகமாகக் காணப்படும் தவறு. மிக மெத்தனமாகத் திருத்தப்படுவதும் இதுவே. குறி மட்டும்தானே விட்டுப்போயிற்று என்று அரை மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். குறி விட்டுப்போகவில்லை, அந்தக் கழித்தல் குறி இரண்டு உறுப்புகளுக்கும் இடையில் நிற்கும் பொதுச் சொத்து என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. தொடக்க வகுப்பில் 9 − 4 என்பதை "ஒன்பதிலிருந்து நான்கைக் கழி" என்று படித்த பழக்கம் அப்படியே தொடர்கிறது.

உண்மையில் இந்த எண்ணம்தான் காரணமா, வெறும் கவனக்குறைவா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. கோவையைப் பின்னிருந்து முன்னாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். சரியான விடை −9 + y − 7xy + 4x². குறியை இடைப்பொருளாகக் கருதும் பிள்ளை, குறிகளை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு உறுப்புகளை மட்டும் இடம் மாற்றும்: 9 − y + 7xy − 4x². முன் செய்த பிரதியிடலையே இதிலும் செய்தால் −73 வர வேண்டிய இடத்தில் 73 வரும். இந்தக் கோவையில் குறிகள் அமைந்திருக்கும் விதத்தால், கோவை முழுவதும் எதிர்க்குறி பெற்றுவிடுகிறது. மாறாக, சரியாக மாற்றி எழுதிவிட்டு உறுப்புகளைப் பட்டியலிடும்போது மட்டும் குறியை விட்டிருந்தால் அது கவனக்குறைவே. அதற்கு மேற்சொன்ன காற்புள்ளிச் சோதனை போதும்.

எண்ணமே தவறாக இருக்கும்போது, கழித்தலைக் குறை எண்ணின் கூட்டலாக எழுதப் பழக்க வேண்டும்: 4x² + (−7xy) + y + (−9). முதல் சில கணக்குகளுக்கு இப்படி அடைப்புக்குறியோடு எழுதச் சொல்வது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். ஆனால் பின்னால் அடைப்புக்குறியை நீக்குவது, பக்கம் மாற்றுவது, காரணிப்படுத்துவது எல்லாவற்றிலும் இந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடும். செங்குத்துக் கோட்டைக் குறிக்கு முன்னால் போடச் சொன்னதும் இதற்காகத்தான்: 4x² | − 7xy | + y | − 9. குறி தனக்கு வலப்புறம் உள்ள உறுப்போடு சேர்ந்தே நகரும். முதல் உறுப்புக்கு முன் குறி எதுவும் இல்லையென்றால் அங்கே கூட்டல் குறி இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

"y-க்குக் கெழு இல்லை" அல்லது "y-இன் கெழு 0"

கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்றும், இல்லாததைச் சுழியம் என்றும் எழுதுவது இயல்பு. இரண்டு விடைகளில் "0" என்பதைத் திருத்துவது எளிது: கெழு 0 என்றால் 0·y, அதாவது y எதுவாக இருந்தாலும் அந்த உறுப்பு மறைந்துபோக வேண்டும்; y = 5 என்றபோது நாம் 5-ஐக் கூட்டினோமா இல்லையா என்று கேட்டால் போதும். ஒரு y இருக்கிறது, ஆகவே கெழு 1. −y என்று இருந்தால் கெழு −1. இதை வெறுமனே "−" என்று எழுதிவைப்பவர்களும் உண்டு.

1-ஐ எழுதாமல் விடுவது வசதிக்காக ஏற்பட்ட வழக்கமே தவிர, கணிதத்தின் கட்டாயம் அன்று. பிரம்மகுப்தரின் நூலுக்கு 9ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய பிருதூதக சுவாமி, நாம் இன்று 10x − 8 = x² + 1 என்று எழுதும் சமன்பாட்டை இரண்டு வரிகளாக இப்படி அமைக்கிறார்: மேல் வரியில் "யா வ 0 யா 10 ரூ 8", கீழ் வரியில் "யா வ 1 யா 0 ரூ 1". யா என்பது தெரியாத அளவு, யா வ என்பது அதன் வர்க்கம், ரூ என்பது மாறிலி. மேல் வரியின் 8-க்குத் தலையில் ஒரு புள்ளி உண்டு. அது குறை எண் என்பதற்கு அடையாளம். கெழு ஒன்றாக இருந்தாலும் சுழியமாக இருந்தாலும் எழுதியே தீர வேண்டும் என்ற அமைப்பில், நம் மாணவர்கள் செய்யும் இந்தத் தவறுக்கு இடமே இல்லை. மாறிலிக்கு அங்கே பெயர் உண்டு. குறியோ எண்ணை விட்டுப் பிரிய முடியாதபடி அதன் தலைமேலேயே இருக்கிறது. தடுமாறும் மாணவருக்குச் சில நாள் 4x² − 7xy + 1y − 9 என்று எழுத அனுமதித்தால் எந்தக் குடியும் முழுகிவிடாது.

மாறிலியைக் கெழு என்றும், கெழுவை மாறிலி என்றும் எழுதுவது

"கெழுக்கள்: 4, −7, 1, −9" என்ற விடையில் எண்களையெல்லாம் பொறுக்கி எடுத்து ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள். கெழு என்பது ஒன்றைப் பெருக்கி நிற்கும் காரணி. மாறிலி உறுப்பு என்பது மாறி எதுவும் இன்றித் தனித்து நிற்கும் உறுப்பு. x-உக்கும் y-உக்கும் எந்த மதிப்பைக் கொடுத்தாலும் −9 அசையாது, −7xy அசையும். x = 0, y = 0 என்று பிரதியிட்டால் இந்தக் கோவையில் எஞ்சி நிற்பது மாறிலி மட்டுமே என்பது நல்லதொரு சோதனை.

இங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "−7xy-இல் கெழு என்ன?" என்று மொட்டையாகக் கேட்கக்கூடாது. எதன் கெழு என்று சொன்னால்தான் விடை உறுதியாகும். xy-இன் கெழு −7. x-இன் கெழு −7y. y-இன் கெழு −7x. மூன்றும் சரி. எண்ணை மட்டும் எதிர்பார்த்தால் "எண் கெழு" என்று கேட்க வேண்டும். பிள்ளை −7y என்று எழுதியிருக்கும்போது வினாவைப் படிக்காமல் சிவப்பு மையால் அடித்துவிட்டால், அடுத்த முறை சரியாகத் தெரிந்ததையும் அது எழுத அஞ்சும்.

2πr என்ற வட்டச் சுற்றளவுக் கோவையில் π-ஐ மாறி என்று எழுதுவதும் இந்த வகைப் பிழையே. எழுத்து வடிவில் இருப்பதாலேயே ஒன்று மாறியாகிவிடாது; π ஒரு குறிப்பிட்ட எண்; ஆகவே r-இன் கெழு 2π. அதேபோல் ax + b என்று வந்தால், வேறு விவரம் எதுவும் தராதபோது, x-ஐ மாறியாகவும் a, b ஆகியவற்றை மாறிலிகளாகவும் கொள்வது வழக்கம். தெரிந்த அளவுகளுக்கு அகரவரிசையின் முதல் எழுத்துகளையும் தெரியாதவற்றுக்குக் கடைசி எழுத்துகளையும் இட்ட டெக்கார்ட்டின் 1637ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்த வழக்கம் அது.

சொற்கணக்கில் இந்தக் குழப்பம் வேறு வேடத்தில் வரும். பேனா ஒன்று 8 ரூபாய் என்றால் p பேனாக்களின் விலை 8p. இதில் p என்ன என்று கேட்டால் "பேனா" என்பார்கள். p பேனா அன்று, பேனாக்களின் எண்ணிக்கை. 3a + 2b என்பதை மூன்று ஆப்பிளும் இரண்டு வாழைப்பழமும் என்று சொல்லிக்கொடுத்ததன் விளைவு இது என்றே நினைக்கிறேன். முதல் நாள் எளிதாக இருக்கும் அந்த உத்தி, ab என்று வந்தவுடன் ஆப்பிளை வாழைப்பழத்தால் பெருக்க முடியாமல் நின்றுவிடுகிறது.

x³-இன் கெழு 3 என்று எழுதப்பட்டிருக்கிறது

கெழு, எத்தனை முறை கூட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது: 3x = x + x + x. அடுக்கு, எத்தனை முறை காரணியாக வந்தது என்பதைச் சொல்கிறது: x³ = x·x·x. ஆகவே x³-இன் கெழு 1. விரித்து எழுதச் சொன்னால் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். அப்படியும் தெளியாத பிள்ளைக்கு எண்ணைப் பிரதியிட்டுக் காட்டலாம்; x = 10 எனில் 3x முப்பது, x³ ஆயிரம்.

பிரதியிட்டுச் சோதித்தும் பிழை பிடிபடவில்லை

தேர்ந்தெடுத்த எண் பொருத்தமற்றது என்று பொருள். மாணவர்கள் எளிமை கருதி 0, 1, 2 ஆகியவற்றையே எடுப்பார்கள். இந்த மூன்றுமே பிழையை ஒளித்துவைப்பதில் வல்லவை. 2x-உம் x²-உம் ஒன்றுதான் என்று நம்பும் பிள்ளை x = 2 என்று பிரதியிட்டால் இரண்டும் 4 என்றே வரும்; 0 என்று பிரதியிட்டாலும் இரண்டும் ஒன்றே. 3x + 2 = 5x என்று எழுதியவர் x = 1 என்று சோதித்தால் இருபுறமும் 5 வந்து, தவறான நம்பிக்கை முன்னைவிட உறுதியாகிவிடும். x = 10 எடுத்தால் ஒருபுறம் 32, மறுபுறம் 50. மாறிகள் இரண்டு இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் x²y-உம் xy²-உம் வேறுபாடு தெரியாமல் போய்விடும். மூன்றும் ஐந்தும், அல்லது பத்தும் மூன்றும் என எடுத்துக்கொள்வது நல்லது.

ஒத்த உறுப்புகள் தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன

3x²y-உம் 3xy²-உம் ஒத்த உறுப்புகள் என்று எழுதியிருந்தால், மாணவர் கெழுவைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார். கெழுவை விரலால் மறைத்துக்கொண்டு எஞ்சியதை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். மாறிகளும் ஒவ்வொரு மாறியின் அடுக்கும் ஒன்றாக இருந்தால்தான் அவை ஒத்த உறுப்புகள். 5xy-உம் −2yx-உம் மாறுபட்டவை என்று எழுதியிருந்தால் சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது: பெருக்கலில் வரிசை பொருட்டில்லை என்பதை நினைவூட்டி, மாறிகளை எப்போதும் அகரவரிசையில் எழுதப் பழக்கினால் போதும்.

வகைப்படுத்தும் வினாவிலும் இதன் எதிரொலி கேட்கும். 3x + 5 − 2x என்பது எழுதியிருக்கும் நிலையில் மூன்று உறுப்புகள் கொண்டது. ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால் x + 5 என்ற ஈருறுப்புக் கோவை. ஈருறுப்பா மூவுறுப்பா என்று சொல்வதற்கு முன் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

உறுப்புகளைக் கேட்டால் x = 3 என்று விடை வருகிறது

4x − 12 என்ற கோவையைக் கண்டதும் கை தானாகவே "= 0" என்று எழுதித் தீர்த்துவிட்டிருக்கிறது. சமக்குறி இல்லாதது கோவை. அதற்கு உறுப்புகள் உண்டு, தீர்வு கிடையாது. சமக்குறி வினாத்தாளில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் அடுத்த முறை கை தயங்கும்.

அடைப்புக்குறியோ பின்னக்கோடோ வந்தால் மட்டும் தவறுகிறது

இதுவரை எல்லாம் சரியாகச் செய்துவந்த பிள்ளையும் இங்கே தடுமாறுவதற்குக் காரணம், கூட்டல் குறி கண்ட இடத்தில் வெட்டு என்ற விதியை அடைப்புக்குறிக்கு உள்ளேயும் செலுத்துவதுதான். 3(x + 2) என்பதை "3x, 2" என்று பிரிப்பார்கள். எழுதியிருக்கும் நிலையில் அது 3, (x + 2) என்ற இரு காரணிகளின் பெருக்கற்பலன். விரித்தால் 3x, 6 என்ற இரு உறுப்புகள். பள்ளி வினாக்கள் பெரும்பாலும் விரித்தபின் உள்ள உறுப்புகளையே எதிர்பார்க்கின்றன. எனவே முதலில் விரி, பிறகு கோடு போடு என்ற வரிசையைப் பழக்க வேண்டும். −(x − 4) என்பது −x + 4. முன்னிருக்கும் கழித்தல் குறியை −1 என்று எழுதி இரண்டு உறுப்புகளையும் பெருக்கினால், மாறிலி −4 என்று எழுதும் தவறு நேராது.

பின்னத்தில், x/3-இன் கெழுவை 3 என்று எழுதுவது ஒரு வகை. x/3 என்பது ⅓·x என்று எழுதிக் காட்டினால் அது தீர்ந்துவிடும். 3/x வேறு செய்தி. அதில் மாறி பகுதியில் இருப்பதால் அது பல்லுறுப்புக் கோவையே அன்று.

இன்னொரு வகை பிடிவாதமானது: (x + 5)/5 என்பதில் மேலேயும் கீழேயும் உள்ள 5-ஐ அடித்துவிட்டு x என்றோ x + 1 என்றோ எழுதுவது. x = 10 என்று பிரதியிட்டால் சரியான மதிப்பு 15/5 = 3; அடித்து எழுதியவற்றிலோ 10, 11 என்று வருகிறது. அடித்து நீக்கலாம் என்ற அனுமதி காரணிகளுக்கு மட்டுமே உரியது. இங்கே தொகுதியில் உள்ள 5 காரணி அன்று, ஓர் உறுப்பு. பின்னக்கோடு தனக்கு மேலே ஓர் அடைப்புக்குறியைப் போட்டு வைத்திருப்பதாகக் கருதி, உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் 5-ஆல் வகுத்தால் x/5 + 1 கிடைக்கும். அதில் உறுப்புகள் இரண்டு; x-இன் கெழு ⅕, மாறிலி 1; x = 10 எனும்போது மதிப்பு 2 + 1 = 3.